நீத்துப்பெட்டியில் காலிபிளவர்

தம்பி, திருகோணமலை உப்புவெளியிலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதத்தில் உடம்பு ஏறிவிட்டது, இரத்தத்தில் சீனி கூடுகிறதென்று டாக்டர் சொல்கிறார், புட்டு, இடியப்பத்தைக் கைவிடாமல் மாச்சத்தைக் குறைத்துச் சமைக்க வழியுண்டா என்று கேட்டிருக்கிறீர். கூடவே எந்த ரைஸ் குக்கர் நல்லது, எங்கே வாடகை மலிவு என்றும் கேட்டிருக்கிறீர். அவற்றை வேறு யாராவது சொல்லட்டும். சாப்பாட்டு விஷயத்தில் விழுந்து எழும்பியவன் நான்.

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளும். மாத்திரை ஏதும் தந்திருக்கிறார்களா? தந்திருந்தால், சோற்றைக் குறைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடும். இன்சுலினும் கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளும் நீர் சாப்பிடுகிறீரா என்று பார்ப்பதில்லை. சீனியை இறக்கிக்கொண்டே போகும். நான் யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில் சோற்றை நிறுத்தினேன். நான்காம் நாள் பஸ் நிறுத்தத்தில் கைகால் நடுங்கி, வேர்த்து, கண் இருண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளை ஜூஸ் வாங்கித் தந்து காப்பாற்றினாள்.

அடுத்தது குரக்கன், அதாவது கேழ்வரகு. நம்மவர்களின் எந்த விருந்துக்குப் போனாலும் ஒருவர் வந்து, குரக்கன் புட்டுச் சாப்பிட்டால் சீனி வருத்தமே ஓடிவிடும் என்பார். எனக்கு இதைக் கேட்டால் கோபம் வருகிறது. 100 கிராம் அரிசி மாவில் ஏறக்குறைய 80 கிராம் மாச்சத்து என்றால், குரக்கன் மாவில் ஏறக்குறைய 70. நார் கூட இருப்பது உண்மை. ஆனால் அதே அளவு குவித்துச் சாப்பிட்டால் என்ன மிஞ்சும்? சிவப்பரிசி மாவும், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் இதே கணக்குத்தான். சொல்பவர் தன் இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டட்டும், பிறகு நம்புவோம்.

இப்போது புட்டு. 200 கிராம் காலிபிளவரைப் பச்சையாகத் துருவி, எண்ணெய் விடாத சட்டியில் ஈரம் வற்றும்வரை கிளறும். ஆறியதும் துணியில் கட்டிப் பிழியும். பிழிவதில் சோம்பல்பட்டால் களிதான் வரும். உப்பும் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் மாவும் சேர்த்து உதிர்த்து, ஒரு கைப்பிடி துருவிய தேங்காய்ப்பூ கலந்து, ஐந்து நிமிடம் அவியும். முழுவதற்கும் மாச்சத்து சுமார் 25 கிராம், அதில் பாதி நார். இது அரிசிப் புட்டு அல்ல. ஆனால் மேலே பாரைமீன் குழம்பை ஊற்றிக் கட்டச்சம்பலோடு பிசையும்போது நாக்குக்குத் தெரிந்த ருசி வந்துவிடும்.

இடியப்பத்தை மட்டும் முயலாதேயும். பாதாம் மாவை வாங்கிப் பணத்தைக் கரைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். கொதிநீர் பட்டு அரிசி மா பசையாவதால்தான் நூல் அறாமல் நிற்கிறது. பாதாமில் அந்தப் பசை இல்லை. கோவாவை (முட்டைக்கோசை) நூலாக அரிந்து இரண்டு நிமிடம் அவித்து, அதன்மேல் தேங்காய்ப்பாலில் வைத்த சொதியை ஊற்றும். சொதியில் உருளைக்கிழங்கு போடாதேயும். தேசிக்காயை (எலுமிச்சையை) அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழியும், இல்லாவிட்டால் பால் திரைந்துவிடும். கொத்து ரொட்டிக்கு, முட்டையை மெல்லிசாகப் பொரித்து அரிந்து, லீக்ஸோடும் கோழிக்கறியோடும் கொத்தினால் போதும்.

நான் வந்தது 1994 ஜனவரியில். நிலக்கீழ் அறையொன்றில் ஐந்து பேர். இரவு முழுவதும் உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு விடியற்காலை வந்து, முதல்நாள் சோற்றையும் பருப்பையும் சாப்பிட்டு, மூன்று கரண்டி சீனி போட்ட தேநீரோடு படுத்துவிடுவோம். அரிசி மூட்டைதான் மலிவு, வயிறு நிரம்பினால் வீட்டு நினைவு கொஞ்சம் அடங்கும். பன்னிரண்டு வருடத்தில் எனக்கு நீரிழிவு. அந்த ஐவரில் மூவருக்கு இன்று அது இருக்கிறது. ஒருவர் இன்னும் சோறில்லாமல் சாப்பாடா என்கிறார். அவருடைய கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். அடுப்படிப் பக்கமே போகாமல் வளர்ந்த நான் முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு சமையல் பழகினேன். அதை நான் பெருமையாகவே சொல்வேன்.

இப்போது திருகோணமலையில் அக்கா வீட்டுக் குசினியில் இருந்து எழுதுகிறேன். கச்சான் காற்று யன்னலை அடிக்கிறது. அம்மா புட்டவித்த இடம் இதுதான். தம்பலகாமத்து அரிசியை இடித்து, வறுத்து, அரித்து, பனையோலை நீத்துப்பெட்டியில் அவிப்பார். ஓலை மணம் புட்டில் ஏறியிருக்கும். வெள்ளிக்கிழமை காளிகோவிலால் வந்ததும் பசியோடு சுற்றி உட்காருவோம், முதல் பெட்டி கவிழ்ந்ததும் ஆவி முகத்தில் அடிக்கும். நேற்று அதே அடுப்பில் அக்காவுக்குக் காலிபிளவர் புட்டு அவித்துக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டார்.

ஸ்காபரோவில் உலோகக் குழல்தான் எங்கும் கிடைக்கிறது, அதில் இந்த மணம் வராது. நாளைக்குச் சந்தைக்குப் போகிறேன். உமக்கும் சேர்த்து இரண்டு நீத்துப்பெட்டி வாங்கிவருகிறேன், வந்து எடுத்துக்கொள்ளும்.