கடலில் கண்ட வெளிச்சத்தை யாரிடம் விசாரிப்பது?

கேள்வி: அப்பா அக்கரைப்பேட்டையிலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். போன மாதம் கோடியக்கரைக்குக் கிழக்கே, விடிவதற்கு முன், நாலைந்து ஆரஞ்சு வெளிச்சங்கள் வானத்தில் நின்று ஒவ்வொன்றாக அணைந்தனவாம். அமெரிக்கக் கடற்படை இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறதாமே? நாங்கள் யாரைக் கேட்பது?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆபத்தில் சிக்கிய படகு சுடும் பாராசூட் ஃப்ளேர் என்ற ஒளிக்குண்டு சுமார் 300 மீட்டர் உயரம் போகும்; 40 விநாடியாவது சிவப்பாக எரிந்தபடி மெல்ல இறங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஆரஞ்சாக, அந்தரத்தில் நிற்பது போலத் தெரியலாம். அப்பா பார்த்தது அதுதான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இனி அப்படித் தெரிந்தால் உடனே கடலோரக் காவல்படையின் 1554-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். செல்போன் எடுக்காத இடமென்றால் படகில் உள்ள வி.எச்.எஃப். வயர்லெஸில் 16-ஆம் சேனல். அங்கே யாரோ தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருக்கலாம். ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்.

சரி, பதிவுகளுக்கு வருவோம். 2021 ஜூனில் அமெரிக்க உளவுத்துறைத் தலைமை வெளியிட்ட அறிக்கையில், வானத்தில் இன்னதென்று தெரியாத பொருள்களைப் பார்த்த 144 சம்பவங்கள் இருந்தன. உறுதியாக அடையாளம் தெரிந்தது ஒன்றுதான்: காற்று இறங்கிக்கொண்டிருந்த பெரிய பலூன். மற்றவற்றுக்கு விவரம் போதவில்லை. 2019-இல் போர்க்கப்பலிலிருந்து படமெடுத்த பச்சை முக்கோணங்கள் ஊரெல்லாம் பரவின. அந்த முக்கோண வடிவமே இரவுப்பார்வைக் கருவி வழியாகக் கேமராவில் எடுத்ததால் வந்தது, பறந்தவை ட்ரோன்கள் என்று 2022 மே மாதம் அவர்கள் நாடாளுமன்றத்தில் கடற்படை அதிகாரியே விளக்கினார்.

அதனால் வீடியோவைவிட நோட்டுப் புத்தகத்தைத்தான் நான் நம்புவேன். பார்த்த அந்த நிமிடமே ஜி.பி.எஸ். காட்டும் இடத்தையும் நேரத்தையும் எழுதிவிட வேண்டும். கரைக்கு வந்து மீன் இறக்கிய பிறகு எழுதினால் ஆளுக்கொரு கதையாகிவிடும். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அது ஏறக்குறைய 10 டிகிரி. கடல் விளிம்பிலிருந்து எத்தனை முஷ்டி உயரம், விடிவெள்ளிக்கு எந்தப் பக்கம் என்று குறிக்கலாம். எப்படி அணைந்தது என்பது ரொம்ப முக்கியம்: மங்கியா, கீழே இறங்கியா, சட்டென்றா? வீடியோ எடுத்தால் படகின் அணியமும் (முன்பகுதி) படத்துக்குள் வரட்டும். வெறும் இருட்டில் ஒரு புள்ளி மட்டும் இருந்தால் அதிலிருந்து எதையும் அளக்க முடியாது.

அடுத்து, அந்தத் தேதியில் ராக்கெட்டோ ஏவுகணையோ விட்டார்களா என்று பாருங்கள். 2022 டிசம்பர் 15 மாலை மேற்கு வங்கத்தில் பலரைத் திகைக்க வைத்த வெளிச்சம் அக்னி-5 சோதனைதான். துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சி, ராக்கெட் ஏவுதல் குறித்த கடல் எச்சரிக்கைகளை டேராடூனில் உள்ள தேசிய நீர்ப்பரப்பு அலுவலகம் இணையத்திலேயே போடுகிறது. மணி கோத்தாற்போல வரிசையாக நகர்ந்தால் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களாக இருக்கலாம்.

இதிலும் தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் நம் இந்தியக் கடற்படைக்கு மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 'மர்ம வெளிச்சக் கோப்பு' என்று கேட்காதீர்கள். பாதுகாப்பு விஷயம் என்று 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுக்க அவர்களுக்கு வழி உண்டு. இன்ன தேதி, இன்ன நேரம், இந்த இடத்தில் ஒளிக்குண்டுப் பயிற்சி நடந்ததா என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள்.