வாசகர் கேள்வி பதில்: நாவல்ல தோத்தவன் படத்துல வெண்டது ஏன்?

கேள்வி: அண்ணே, ‘த நச்சுரல்’ நாவல வாசிச்சு முடிச்ச கையோட படத்தையும் பாத்தன், முடிவு தலைகீழா இருக்கு. ஏன் அப்பிடி மாத்தினாங்க, எது சரி?
(வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: நாவல்தான் சரி தம்பி, எனக்கு அதுல ரெண்டு மனசு இல்ல. பேர்னார்ட் மலமுட் ஒரு அமெரிக்க பேஸ்போல் ஆட்டக்காரனப் பத்தி 1952ல எழுதின முதல் நாவல் அது, 1984ல பெரி லெவின்சன் படமா எடுக்கக்குள்ள ரொபேர்ட் ரெட்போர்ட்தான் ஹீரோ, அவ்வளவு பெரிய ஸ்டார் கடைசிப் பந்துல அவுட்டாகிப் போறதப் பாக்க சனம் வருமா எண்டு யோசிச்சிருப்பாங்க எண்டுதான் நான் நினைக்கன்.

ஆனா முடிவு மட்டும் மாறல்ல, ஆளே மாறிட்டான். நாவல்ல வாற ரோய் ஹோப்ஸுக்குச் சாப்பாட்டுலயும் பேராச, பொம்பிளையிலயும் பேராச, பேர் புகழ்லயும் பேராச. கடைசி மெச்சுல தோக்கிறதுக்குக் காசுக்கு ஒத்துக்கொள்றான். மெச் நடக்கக்குள்ள கேலரியில இருந்து கத்தி நக்கலடிக்கிற ஒருத்தனுக்குப் படட்டும் எண்டு வேணுமெண்டே பந்த அந்தப் பக்கம் அடிக்கான், அது போய் அவன விரும்புற ஐரிஸ்ட முகத்துல படுது, அவ வயித்துல அவன்ட பிள்ள இருக்கெண்டு அப்பதான் அவனுக்குத் தெரியவருது. அதுக்குப் பிறகுதான் வெல்லணும் எண்டு நிக்கான், அந்த நேரம் பாத்து மின்னல் விழுந்த மரத்துல தன்ட கையால செஞ்ச மட்டை, வொண்டர்போய், ரெண்டாப் பிளக்குது. திரும்ப வேற மட்டையோட வாறான், ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூணு தரம் பந்தத் தவறவிட்டு அவுட்.

படத்துல அவன் காசே வேணாமெண்டுட்டான். மட்டை அங்கயும் உடையுது, ஆனா டீமுக்கு மட்டை எடுத்துக் குடுக்கிற பொடியன்ட மட்டையால அடிக்கிற பந்து மைதானத்து லைட்டுல மோதி நெருப்புப்பொறி மழையாக் கொட்டுது, ரெண்டி நியூமன்ட மியூசிக் வேற, அந்த இடத்துல எனக்கும் மயிர்க்கூச்செறியும். அழகான சீன்தான். எண்டாலும் இவ்வளவு திறமை உள்ளவன் ஏன் தன்னத்தானே அழிச்சுக்கொண்டான் எண்டு நாவல் கேக்குதே, அந்தக் கேள்விக்குப் படத்துல இடமே இல்லாமப் போச்சு, அதுதான் எனக்குப் பெரிய கவல.

கேள்வி: அண்ணா, ஹோட்டல் அறையில ஒரு பொம்பிள ரோயைச் சுடுறது உண்மையா நடந்ததா?
(வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: அதே மாதிரி ஒண்டு நடந்தது தங்கச்சி. 1949 ஜூன்ல சிகாகோவில பிலடெல்பியா பிலீஸ் டீமுக்கு ஆடின எடி வெயிட்கஸ ஒரு இளம் ரசிகை ஹோட்டல் அறைக்கு அவசரமா வரச்சொல்லிக் கடிதம் அனுப்பிச் சுட்டா. மனுசன் பிழைச்சு அடுத்த வருசமே திரும்ப ஆட வந்தார், 1950ல அந்த டீம் வேர்ல்ட் சீரிஸ் எண்ட சம்பியன் போட்டி வரைக்கும் போச்சு. கதையில வாற ரோய்க்கு அந்த அதிஷ்டம் இல்ல, 19 வயசுல சூடு பட்டவன் பெரிய டீமுக்கு ஆட வரக்குள்ள 34 வயசு.

கேள்வி: காக்கா, பேஸ்போல் ஒண்டும் தெரியாம இந்த நாவல வாசிக்கலாமா?
(வாசகர், சம்மாந்துறை)

பதில்: தாராளமா வாசிங்க தம்பி. பள்ளிக்கூடத்துல எல்லே ஆடியிருப்பீங்கதானே, பந்த அடிச்சுப்போட்டு சுத்தி ஓடி வாறது அங்கயும் இருக்கு, ஓடுற ஆளுக்குப் பந்தால எறிஞ்சு அவுட்டாக்கிறதுதான் இல்ல. ஒண்டே ஒண்டத் தெரிஞ்சு வைங்க, மூணு ஸ்ட்ரைக் எண்டா அவுட், ஆனா ரெண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு கோட்டுக்கு வெளிய ஃபவுலா அடிச்சா அது கணக்குல வராது, அதாலதான் ரோய் அவுட்டாகாம நிண்டு அந்த நக்கல்காரனக் குறி வெச்சு அடிச்சுக்கொண்டே இருக்கான். முதல் நாவல், படம் பிறகு.