கறுப்புத் திரையும் நிர்வாக ஒதுக்கீடும்

போட்டோ ஸ்டூடியோ நடத்தும் ஒரு தாய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனுடன் வந்திருந்தார். "நாள் முழுக்கக் கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறான் சார். அதெல்லாம் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துச் சமாச்சாரம், நிர்வாக ஒதுக்கீட்டில் செயற்கை நுண்ணறிவுப் படிப்பில் சேர்த்துவிடுங்கள் என்கிறார் இவன் சித்தப்பா" என்றார். கவலைப்படாதீர்கள் என்றுதான் தொடங்கினேன். அதற்காக வீட்டை அடமானம் வைக்கப் போவதாக அவர் சொன்னதும் ஆறுதல் கூறுவதை நிறுத்திக்கொண்டேன்.

அடமானம் வேண்டாம், அம்மா. அந்தக் கறுப்புத் திரை, மவுஸால் சொடுக்காமல் கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை வேலை வாங்கும் இடம். உங்கள் மகன் என்ன செய்திருக்கிறான் என்று பாருங்கள். 1,200 கல்யாணப் படங்களில் ஒவ்வொன்றுக்குள்ளும் பதிந்திருக்கும் தேதியைப் படித்து, நாள்வாரியாகத் தனித்தனி ஃபோல்டரில் சேர்க்கும்படி, படக் கோப்புகளின் விவரங்களைப் படிக்கும் எக்சிஃப்டூல் என்ற மென்பொருளுக்கு ஒரே வரியில் கட்டளையிட்டிருக்கிறான். படத்தை மெருகேற்றுவதற்கு மவுஸும் வண்ணத் திரையும்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எங்கோ தொலைவில் இயங்கும் சர்வர்கள் பெரும்பாலானவற்றில் சொடுக்குவதற்குத் திரையே கிடையாது. தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைந்து கட்டளைகளால்தான் அவற்றைப் பராமரிக்கிறார்கள். இணையதளம் முடங்கும்போது, சர்வர் தன் நடவடிக்கைகளைக் குறித்து வைக்கும் பதிவுக் கோப்பின் லட்சக்கணக்கான வரிகளிலிருந்து கிரெப் என்ற கட்டளை பிழைகளைப் பொறுக்க, சார்ட் என்பது வரிசைப்படுத்த, யுனிக் என்பது எண்ணிச் சொல்ல, கோளாறு எங்கே என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். அதே கட்டளைகளைக் கோப்பாக எழுதி வைத்தால் நாளையும் ஓடும். சொடுக்கியதை அவ்வளவு எளிதாக எழுதி வைக்க முடியாது. உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் அனைத்திலும் 2017 நவம்பர் முதல், இப்படிக் கட்டளைகளால் இயக்கப்படும் லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் ஓடுகிறது என்பதைச் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் போதும். கூடவே, மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ் பாடங்கள் தமிழிலேயே இலவசமாக இருக்கின்றன, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனுக்கும் காசில்லை. கை நன்றாகப் பழகிய பிறகு ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனம் நடத்தும், கணினி நிர்வாகிகளுக்கான ஆர்ஹெச்சிஎஸ்ஏ சான்றிதழ்த் தேர்வை எழுதட்டும். அதில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கதை இல்லை. ஓடும் கணினியைக் கொடுத்து, பயனர் கணக்கு, வட்டைப் பகுதிகளாகப் பிரிப்பது, சேவைகள் என்று வேலையைச் செய்து காட்டச் சொல்வார்கள். கட்டணம் மலிவன்று, ஆகவே அவசரப்பட்டு எழுத வேண்டாம். சர்வர் நிர்வாக வேலையில் இரவுப் பணியும் உண்டு, அதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

பழைய மடிக்கணினி ஒன்றை அவனுக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். கோப்புகளை நீக்கும் ஆர்எம் கட்டளை அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது, அப்படியே போய்விடும். வாடிக்கையாளர் படங்கள் இருக்கும் கணினியில் அவன் பழகவே கூடாது.