சின்ன ஊரில் இருக்கிறோம். வலி மாத்திரைப் பழக்கத்துக்குப் பக்கத்தில் எங்கே சிகிச்சை கிடைக்கும்?

தம்பி டபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறான், எங்கே கூட்டிப்போவது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவிடம் இன்னும் சொல்லியிருக்க மாட்டீர்கள். மின்கம்பத்து நோட்டீஸில் இருக்கும் மறுவாழ்வு இல்ல நம்பருக்கு ஒரு போன் போட்டிருப்பீர்கள். அங்கே அவசரப்பட்டு அனுப்பாதீர்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் மெடிக்கல் வைத்திருக்கிறேன். "விற்பதே நீங்கள்தானே" என்று யாராவது வருவார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் என் கடையில் அந்த மாத்திரை போகாது. ஆனாலும் என் அக்கா மகனே இதில் மாட்டினான்.

அக்கா பயந்துபோய் ஒரு தனியார் இல்லத்தில் சேர்த்தாள். ராத்திரியே வேனில் வந்து தூக்கிப்போனார்கள். குடிநோயாளிகளோடு ஒரே ஹாலில் பூட்டு, காலையில் யோகா, மாலையில் பிரார்த்தனை. டாக்டர் முகத்தையே அவன் பார்க்கவில்லை. மாத்திரையை நிறுத்தியதும் வரும் மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உடம்பு முறிக்கும் வலி எல்லாம் பத்து நாளில் தானாகவே தணியும். அதையே குணம் என்று கணக்குக் காட்டினார்கள். ஆசை எங்கே தணிகிறது? சில நாள் விட்டதில் மாத்திரை தாங்கும் சக்தி உடம்பில் குறைந்திருக்கும்போது பழைய அளவையே ஏற்றினால் மூச்சே நின்றுவிடலாம். வெளியே வந்ததும் இவனும் தேடித்தான் போனான், நல்லவேளை கிடைக்கவில்லை.

அப்புறம் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு நானே கூட்டிப்போனேன். நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரை கொடுத்தார்கள். அதுவும் அதே இனத்து மருந்துதான், ஆனால் அந்த ஆசையை அடக்கக் கொடுப்பது. கரையும்வரை பேசக்கூடாது, விழுங்கக்கூடாது. நர்ஸ் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். இதை என் கடையில் வாங்கி விற்க முடியாது, போதை மீட்பு மையங்களுக்கு மட்டும்தான் சப்ளை. அதனால் ஆரம்பத்தில் தினமும் பஸ், அரை நாள் கூலி போச்சு. "ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா?" என்று மச்சான் குதித்தார். பையன் இப்போது வேலைக்குப் போகிறான், அவரும் அப்படிப் பேசுவதில்லை.

2025-ல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற போதை மீட்பு மையங்கள் தொடங்கியிருக்கிறார்கள். போதை மீட்பு உதவி எண் 14446-க்கோ, மனநல உதவி எண் 14416-க்கோ போன் செய்து பக்கத்தில் எது என்று கேளுங்கள். புப்ரினார்பின் இருக்கிறதா என்று பெயர் சொல்லியே கேளுங்கள், தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பும் இடங்களும் உண்டு. போலீஸ் பயம் வேண்டாம். சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவு வைத்துப் பிடிபட்டவனுக்கே, தானாகச் சிகிச்சைக்கு வந்தால் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: மாத்திரை வெளிமாநிலத்திலிருந்து கூரியரில் பெட்டியாக இறங்குகிறது, அதிகாரிகள் ரெஜிஸ்டரைப் புரட்ட வருவதோ என் கடைக்கு. சரி, அது என் பாடு.

முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். ஊசி போட்ட இடத்தில் வீக்கமோ சீழோ இருந்தால் மறைக்க விடாதீர்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் சி ரத்தப் பரிசோதனையையும் கேட்டு எடுத்துவிடுங்கள்.