செவ்வாய்க்குப் போகப் பழகுவது எப்படி?

கேள்வி: செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கு உடற்பயிற்சி போதாதா? எதற்கு மாதக்கணக்கில் ஒரு கட்டடத்துக்குள் வைத்துப் பழக்குகிறார்கள்?
– வாசகி, ராயக்கோட்டை

பதில்: எடையற்ற நிலையில் எலும்பின் அடர்த்தி மாதம் 1 முதல் 1.5 சதவீதம் வரை குறையும். அதற்காக விண்வெளி நிலையத்தில் தினம் 2 மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். மனசுக்கு அப்படி எந்திரம் கிடையாது அம்மா. மாஸ்கோவில் 2010-11இல் செவ்வாய்ப் பயண ஒத்திகையாக ஆறு பேர் 520 நாள் மூடிய கலத்துக்குள் இருந்தார்கள். அதில் ஒருவருக்குத் தூக்க நேரமே மாறிப்போய், மற்றவர்கள் தூங்கும்போது அவர் மட்டும் விழித்திருந்தார். நிஜப் பயணத்தில் இது ஆபத்து.

அப்புறம் பேச்சு. செவ்வாய் வெகு தொலைவில் இருக்கும்போது ஒரு செய்தி போய்ச் சேரவே 22 நிமிடம் ஆகும். தருமபுரியில் என் ஒன்பதாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம். ஒரு மாணவி கணக்கில் வந்த சந்தேகத்தைச் சீட்டில் எழுதிப் பக்கத்து வகுப்புக்கு அனுப்பினாள். போக 22, வர 22 என்று 44 நிமிடம் கழித்துத்தான் பதில். பீரியடே முடிந்துவிட்டது. அதற்குள் அவளே கணக்கைப் போட்டுவிட்டாள். விண்வெளி வீரர்களும் இப்படித் தாங்களே முடிவெடுக்கப் பழகியாக வேண்டும். 2023-24இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நான்கு பேர் ஒத்திகைக் கட்டடம் ஒன்றில் 378 நாள் இந்தத் தாமதத்தோடுதான் வாழ்ந்தார்கள். தக்காளிக்குப் பேர்போன உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடித்த சேதி ஒன்று: உள்ளேயே தக்காளியும் வளர்த்தார்கள்.