வலிக்காத புண்ணும் 45 நிமிட நடையும்

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே மூன்று மாதமாகப் புண். நுரை வரும் மருந்தை ஊற்றிக் கழுவி, பவுடர் தூவிக் கட்டுகிறோம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மூன்று முறை ஆன்டிபயாடிக் மாற்றிவிட்டோம். முட்டை, மீன், கத்தரிக்காய் நிறுத்தியாயிற்று. நல்லவேளையாக வலி இல்லை. சர்க்கரைக்காகத் தினமும் 45 நிமிடம் நடக்கிறார். யூடியூபில் பார்த்ததிலிருந்து, காலை எடுத்துவிடுவார்களோ என்று தூக்கம் வரவில்லை.
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் அந்த நடையை நிறுத்தச் சொல்லுங்கள். இன்றே.

வலி இல்லை என்பது உங்களுக்கு ஆறுதல், எனக்கு அதுதான் கவலை. உள்ளங்காலில் புண் உள்ளவர் நொண்டுவார், குதிகாலை ஊன்றித் தடுமாறுவார். உங்கள் அப்பா முக்கால் மணி நேரம் சாதாரணமாக நடக்கிறார் என்றால் பாத நரம்புகள் மரத்துப்போயிருக்கின்றன. இரவில் வளரும் புதுச் சதையைக் காலையில் அவரே மிதித்து நசுக்கிவிடுகிறார். வேலூர் சி.எம்.சி.க்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களில் இதைக் கண்டார். சதை தானாக அழுகவில்லை. உணர்வில்லாத காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் அதைக் கெடுக்கிறது. மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்ததும் புண்கள் ஆறின. சர்க்கரைப் புண்ணுக்கும் அதே கணக்குதான். ரத்த ஓட்டம் சரியாக இருந்து, கடுமையான தொற்றும் இல்லையென்றால் மாவுக்கட்டோ, கழற்ற முடியாத பூட்ஸோ போடலாம். உடற்பயிற்சியை உட்கார்ந்தபடி கைகளுக்குச் செய்யட்டும்.

இதை உங்களிடம் யாரும் சொல்லாததில் டாக்டர்களான எங்கள் பங்கும் உண்டு. புண்ணில் என்ன தடவுவது என்று மாணவர்களுக்கு மணிக்கணக்கில் பாடம் எடுக்கிறோம். நோயாளியின் செருப்பைக் கவிழ்த்து, ஆணி குத்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தருவதில்லை.

மற்றவை சுருக்கமாக. முட்டையும் மீனும் சாப்பிடட்டும், புண் ஆறப் புரதம் வேண்டும் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள்). கத்தரிக்காய் எந்தப் பாவமும் செய்யவில்லை. நுரை வரும் மருந்து கிருமியோடு புதுச் சதையையும் அழிக்கும். நார்மல் சலைன் (சுத்தமான உப்புநீர்) போதும். பவுடர் வேண்டாம். ஆன்டிபயாடிக்? தொற்று இல்லாத புண்ணை எந்த மாத்திரையும் ஆற்றாது. தொற்று இருந்தால் எது, எத்தனை நாள் என்பதை மெடிக்கல் ஷாப்காரர் முடிவு செய்ய முடியாது. மூன்று முறை மாற்றினீர்களே, ஒருமுறையாவது அந்தக் காலை ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்தாரா?

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இத்தனை நாள் வலிக்காத அந்தக் கால் திடீரென்று வலிக்கத் தொடங்கினால், ‘உணர்ச்சி திரும்புகிறது’ என்று சந்தோஷப்படாதீர்கள். பெரும்பாலும் சீழ் ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். கூடவே கால் வீங்கிச் சூடாகலாம், குளிர் நடுக்கம் வரலாம், காரணமே இல்லாமல் சர்க்கரை எகிறலாம். காய்ச்சல் வந்தே தீரும் என்றில்லை. சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு வராது. புண்ணைச் சுற்றிச் சிவப்பு தெரிந்தால் அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, புண்ணின் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்கு மேல் பரவியிருந்தாலோ, விரல் கறுத்தாலோ நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, காலை எடுப்பார்களா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்தக் கட்டம் வந்ததாகத் தெரியவில்லை. காலை இழப்பவர்களில் எத்தனையோ பேர், ஒரு விரலை எடுக்கச் சொன்னபோது பயந்து எண்ணெய்க் கட்டுக்குப் போய், தாமதமாகத் திரும்பி வந்தவர்கள். அந்த யூடியூப் படங்களும் பெரும்பாலும் அப்படிப்பட்ட கால்கள்தான்.

இந்த வாரமே ஓர் அறுவை சிகிச்சை நிபுணரிடமோ, பாதப் பிரிவு உள்ள சர்க்கரை மருத்துவமனையிலோ காட்டுங்கள். பாதத்தில் நாடித்துடிப்பு பார்க்க வேண்டும், எலும்பு வரை புண் போயிருக்கிறதா என்று தெரிய எக்ஸ்ரே வேண்டும், ஓரத்துக் காய்ப்பைச் சீவி எடுக்க வேண்டும். வீட்டில் நீங்களாகப் பிளேடு வைக்காதீர்கள். இத்தனையும் செய்து, அழுத்தத்தையும் எடுத்தபின் நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகச் சுருங்க வேண்டும். சுருங்கவில்லை என்றால் அதே கட்டையே தொடராமல், ரத்தக்குழாய் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.