கேள்வி பதில்: கல் வீட்டுக்குள் ஒரு பட்டாலியன்

போன இதழில் நெப்போலியன் காலப் பொம்மைப் படைகளை மேசையில் பரப்பி, அளவுகோலும் தாயக்கட்டையும் வைத்து ஆடும் விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: வீடுகள். சரி, இந்த முறை வீடுகளே.

மேசையில் உள்ள பண்ணை வீட்டுக்குள் ஒரு பட்டாலியனை (சில நூறு பேர் கொண்ட காலாட்படைப் பிரிவை) ஏற்றிவிட்டால் அதோடு ஆட்டம் நின்றுவிடுகிறது. எத்தனை பேர் வந்து மோதினாலும் உள்ளே இருப்பவன் அசைவதில்லை. விதி பிழையா, நாங்கள் ஆடுவது பிழையா?
உயர்தர மாணவர், ஹட்டன்

விதிதான், தம்பி. நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். சுவர் இருப்பதால் வெளியிலிருந்து வரும் துப்பாக்கிச் சூடு பாதிதான் படும், சுவர் இருப்பதால் கைகலப்பில் கூடுதல் புள்ளி, சுவர் இருப்பதால் பயந்து ஓடவும் மாட்டார்கள். ஒரே சுவருக்கு மூன்று தடவை கூலி கொடுக்கிறீர்கள். கைகலப்புப் புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள், சூட்டுப் பாதுகாப்பையும் வைத்துக்கொள்ளுங்கள், ‘ஓடமாட்டார்கள்’ என்பதை அடித்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய குறை, உங்கள் விதியில் ரவை, அதாவது துப்பாக்கிக் குண்டு, தீர்வதே இல்லை. 1815 ஜூன் 18, நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ. லா ஹே சாந்த் என்ற பண்ணை வீட்டை மேஜர் பாரிங் என்பவர் ஆரம்பத்தில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற ஏறத்தாழ 400 ஜெர்மன் வீரர்களோடு பிடித்துக்கொண்டிருந்தார். களஞ்சியத்தின் பெரிய கதவை முதல் நாள் இரவு மழையில் நனைந்து வந்தவர்கள் விறகாக எரித்துவிட்டார்கள், ஆகவே அந்தப் பக்கம் திறந்த வாசல்தான், அப்படியிருந்தும் பின்னேரம் வரைக்கும் தாக்குப்பிடித்தார்கள். ரவை கேட்டுத் திரும்பத் திரும்ப ஆள் அனுப்பினார் பாரிங். உதவிக்கு ஆட்கள் வந்தார்கள், ரவை வரவில்லை. சுட ஒன்றும் இல்லாமல் போனபிறகுதான் பிரெஞ்சுக்காரர் உள்ளே வந்தார்கள். அதே நாள், அதே படை, கொஞ்சம் தள்ளி ஊகுமோன் என்ற இன்னொரு பண்ணை. அங்கே சண்டை நடக்கும்போதே ஒரு வண்டிக்காரர் குதிரைகளை விரட்டிக்கொண்டு வெடிமருந்தை வாசலுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த வீடு கடைசி வரை விழவில்லை.

ஆகவே வீட்டுக்குள் போகும் பட்டாலியனுக்கு ரவைக் கணக்காக ஆறு பொத்தான் கொடுங்கள். முழுச் சூடு சுடும் ஒவ்வொரு முறையும் ஒரு பொத்தான் போகும். தீர்ந்தால் துப்பாக்கிக் கத்தி மட்டும்தான். பின்பக்கம் சொந்தப் படையோடு வழி திறந்திருந்தால், ஒரு சுற்று சுடாமல் இருந்து இரண்டு பொத்தான் திரும்ப வாங்கலாம். இதைப் போட்டுப் பாருங்கள், தாக்குகிறவன் தலையால் சுவரை மோதுவதை விட்டுவிட்டுப் பின்பக்கப் பாதையைத் தேடத் தொடங்குவான்.

பத்துக் காம்பிரா (அறை) நீளமுள்ள லயன் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) ஒன்றை அட்டையில் செய்திருக்கிறேன். விளையாட்டில் அது ஒரு கட்டடமா, பத்துக் கட்டடமா?
தோட்டத்து இளைஞர், தலவாக்கலை

படம் பார்த்தேன், தகரக் கூரையில் துருகூட அடித்திருக்கிறீர்கள், கண் பட்டுவிடும்.

கணக்கைப் பாருங்கள். 28 மில்லிமீட்டர் பொம்மைக்குப் பொருத்தமான அளவில் பத்தடிக் காம்பிரா ஒன்று ஐந்தரை சென்டிமீட்டர் வரும், பத்துக்கும் சேர்த்து அரை மீட்டருக்கு மேலே. ஆனால் 600 பேர் உள்ள பிரெஞ்சு பட்டாலியன் மூன்று வரிசையாக நின்றால் நிஜத்தில் 100 மீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளும், உங்கள் மேசையில் அது 18 சென்டிமீட்டர் பொம்மை வரிசை. பொம்மையின் உயரத்துக்கு ஓர் அளவு, நிலத்துக்கு வேறோர் அளவு! நில அளவில் பார்த்தால் உங்கள் லயன் 300 மீட்டர், அதாவது ஒரு கிராமமே. எனவே அது ஒன்றும் இல்லை, பத்தும் இல்லை. மூன்று பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பட்டாலியன் என்று வையுங்கள், ஒரு பகுதி போனால் அடுத்த பகுதிக்குத் தனியாகச் சண்டை.

600 பேரும் ஜன்னலில் நின்று சுட முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு பக்கத்துக்கு வழக்கமாக உருட்டும் தாயக்கட்டைகளில் கால்வாசி போதும். அப்புறம், நீங்கள் செய்திருப்பது முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயன். அதில் பின்கதவு கிடையாது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முன்வாசலில் எதிரி நின்றால் பின்வாங்கவே முடியாது என்று அதற்கு மட்டும் தனி விதி எழுதுங்கள்.

ஒரு வீட்டுக்குள் எத்தனை பட்டாலியனை அடைக்கலாம்?
வாசகர், நாவலப்பிட்டி

அடைக்கலாம், அடைத்தால் கெட்டீர்கள். நெப்போலியனுக்கு முந்திய கதைதான் என்றாலும் சொல்கிறேன், 1704-இல் பிளென்ஹைம் கிராமத்துக்குள் பிரெஞ்சுக்காரர் 27 பட்டாலியன்களைத் திணித்தார்கள். வெளியே சண்டை தோற்றுக்கொண்டிருக்க இவர்கள் உள்ளே நெருக்கியடித்து நின்று, கடைசியில் சரணடைந்தார்கள். பகுதிக்கு ஒன்று, அவ்வளவுதான்.

பீரங்கியால் வீட்டை இடித்துவிட முடியாதா?
வாசகி, கண்டி

இரும்புக் குண்டு சுவரில் ஓட்டை போடும், வீடு விழாது. வேலை செய்வது ஹவிட்சர், வெடிகுண்டை உயரமாகத் தூக்கிக் கூரைக்கு மேலே போடுவது. பிரெஞ்சுக் காலாட்படைப் பீரங்கி அணியில் எட்டுக்கு இரண்டுதான் ஹவிட்சர். ஆகவே வீட்டின் மீது சுடும்போது கால்வாசித் தாயக்கட்டையை மட்டும் எடுங்கள், ஆறு விழுந்தால் தீ.

தீப்பிடித்தால் உடனே வெளியே ஓட வேண்டும் என்று பல விதிகளில் இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊகுமோனில் மாளிகையும் களஞ்சியமும் எரிந்தன, உள்ளே கிடந்த காயக்காரர்கள் வெந்து செத்தார்கள், அப்படியும் மற்றவர்கள் தோட்டத்து மதிலை விட்டு நகரவில்லை. சுற்றுக்குச் சில ஆள் இழப்பு, மனவுறுதிக்கு ஒரு சோதனை, அது போதும்.

குதிரைப்படை வீட்டைத் தாக்கலாமா?
வாசகர், மஸ்கெலியா

குதிரை படியேறாது.

நம் மலைநாட்டில் இதே காலத்தில் நடந்த எதையாவது இந்த விதிகளில் ஆட முடியுமா?
ஆசிரியை, பண்டாரவளை

தாராளமாக, டீச்சர். கண்டி ராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன கண்டி ஒப்பந்தம் 1815 மார்ச் 2, வாட்டர்லூவுக்கு மூன்றரை மாதம் முன்னால். ஆனால் ஆடுவதற்கு நல்லது 1803. மேஜர் டேவியின் தலைமையில் கண்டியில் விடப்பட்ட ஆங்கிலேயப் படை அந்த ஜூனில் கண்டிப் படையின் முற்றுகைக்குள் மாட்டியது. அவர்களை முறித்ததில் காய்ச்சலுக்குப் பெரிய பங்கு. சரணடைந்து வெளியேறியவர்கள் வட்டாபுளுவவில் பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க முடியாமல் நின்றார்கள், பெரும்பாலானோர் அங்கேயே கொல்லப்பட்டார்கள்.

இதற்கு மேலே சொன்ன பொத்தான் விதியையே திருப்பிப் போடுங்கள். சுட்டாலும் சுடாவிட்டாலும் சுற்றுக்கு ஒரு பொத்தான் நோயால் போகும், உள்ளே இருப்பவர் எந்தச் சுற்றில் வெளியே வருவது என்று தானே தீர்மானிக்க வேண்டும். மகாவலி எத்தனை அடி ஆழத்தில் ஓடுகிறது என்பதற்கான தாயக்கட்டையை அவர் வெளியே வந்த பிறகுதான் உருட்ட வேண்டும், முன்னாலேயே உருட்டிக் காட்டிவிடாதீர்கள்.